புகையா, குளிரா

1883 பிப்ரவரி 24 அன்று, கல்கத்தாவை அடுத்த ஸ்ரீராம்பூரில், கல்லூரி மண்டபம் ஒன்றில் ஒரு மராத்திப் பெண் ஆங்கிலத்தில் பேசினார். அவருக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஊரார் ஓயாமல் கேட்டுத் துளைத்த கேள்விகளை ஆறாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஏன் அமெரிக்கா போகிறாய்? இங்கேயே படிக்க வழியில்லையா? ஏன் தனியாக? திரும்பி வந்தால் சாதியைவிட்டுத் தள்ளிவைக்க மாட்டார்களா? போன இடத்தில் ஏதாவது கெட்டது நேர்ந்தால் என்ன செய்வாய்? எந்தப் பெண்ணும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்ய வேண்டும்? நாலாவது கேள்விக்கு வந்த பதில் முக்கியமானது. உணவிலும் உடையிலும் பழக்கவழக்கத்திலும் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை, இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்பி வந்து வாழ்வேன் என்றார் ஆனந்திபாய் ஜோஷி.

கடல் தாண்டுகிறவர்களிடம் இப்படி ஒரு வாக்கு வாங்குவது நம் நாட்டில் சடங்கு மாதிரி. ஐந்து வருஷம் கழித்து லண்டனுக்குக் கிளம்பிய காந்தியிடம் அவருடைய தாயார் மூன்று சத்தியம் வாங்கினார். இன்றைக்கும் விமான நிலைய வாசலில் ஏதோ ஒரு அம்மா ஏதோ ஒரு பையனிடம் சின்னதாக ஒன்றாவது வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார். வாக்கைக் காப்பாற்றினார்களா இல்லையா என்பதை மட்டும் பிறகு எண்ணிப் பார்ப்போம். காப்பாற்றுவதற்கு என்ன விலை கொடுத்தார்கள், அந்த விலையை யார் குறைத்தார்கள், யார் கூட்டினார்கள் என்ற கணக்கை யாரும் எடுப்பதில்லை. புனேயோடு பிணைந்த சில வாழ்க்கைகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆனந்தியின் கதையில் பெரிய சம்பவங்கள் பலருக்கும் தெரிந்தவை. கல்யாணில் வளர்ந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் யமுனா. ஒன்பது வயதில், தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த, தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த கோபால்ராவ் ஜோஷிக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டார். கணவருக்கு அலிபாக், கோலாப்பூர், பூஜ், வங்காளம் என்று மாற்றல் வந்த இடமெல்லாம் இவரும் போனார். பதினாலு வயதில் பிறந்த ஆண் குழந்தை பத்து நாள்தான் இருந்தது. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

மனைவியைப் படிக்கவைக்க உதவி கேட்டு கோபால்ராவ் ராயல் வைல்டர் என்ற மிஷனரிக்கு எழுதினார். மதம் மாறினால் பார்க்கலாம் என்கிற தோரணையில் பதில் எழுதிய வைல்டர், அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தன் பத்திரிகையில் அச்சடித்தும் விட்டார். நியூஜெர்சி மாகாணத்தின் ரோசெல் ஊரில் தியோடோஷியா கார்ப்பென்டர் என்ற பெண்மணி பல் மருத்துவரிடம் தன் முறைக்காகக் காத்திருந்தபோது, 1880இல், அந்தப் பத்திரிகையைப் புரட்டினார். மனசு கேட்காமல் கடிதம் எழுதினார். கடிதங்கள் வளர வளர ஆனந்திக்கு அவர் ‘மாவ்ஷி’ ஆனார். மராத்தியில் தாயின் சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் சித்தி, பெரியம்மா.

கைவளையல்களை விற்ற காசும் சேர, 1883 ஏப்ரல் 7ஆம் தேதி கல்கத்தாவில் கப்பல் ஏறியவர் ஜூன் 4ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார். துறைமுகத்தில் மாவ்ஷி காத்திருந்தார். அந்தக் கோடையை ரோசெல்லில் கார்ப்பென்டர் குடும்பத்தோடு கழித்தார். கார்ப்பென்டர் வீட்டு அடுப்பில் தன் கையால் நம்மூர்ச் சாப்பாடு சமைத்தார், வீட்டார் அதைச் சாப்பிட்டார்கள். வாக்கு அப்போது கனக்கவில்லை. சைவமா, சரி. சேலையா, சரி. பூஜையா, சரி. பழகிக்கொள்ள வேண்டிய வேலையில் பாதியை அந்த வீடு தன் தலையில் போட்டுக்கொண்டது.

அக்டோபரில் பிலடெல்பியா. பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி 1850இல் தொடங்கப்பட்டது. பெண்களுக்கென்றே உலகில் முதலில் எழுந்த மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லி வேதியியல் அறிஞர், ஆனந்தியிடம் மெய்யாகவே பரிவு கொண்டவர். மூன்று வருஷத்துக்கு 600 டாலர் உதவித்தொகையும் கிடைத்தது. கிடைக்காதது ஒரு நல்ல அறை.

தங்கக் கொடுத்த அறையில் கணப்பு இருந்தது. ஆனால் புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. நம் கிராமத்து அடுக்களையில் ஈர விறகை வைத்து ஊதியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே போகாத புகை அறைக்குள்தான் இறங்கும். கணப்பை மூட்டினால் புகை, அணைத்தால் குளிர். பிலடெல்பியாவில் ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலை தண்ணீர் உறையும் புள்ளியை ஒட்டி நிற்கும். கல்யாணின் கடலோரப் புழுக்கத்தில் வளர்ந்த உடம்பு, ராத்திரியெல்லாம் உடற்கூறியல் பாடத்தைப் புரட்டிக்கொண்டே, புகையா குளிரா என்று ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது சேலை. மராத்திப் பெண்கள் அந்தக் காலத்தில் கட்டியது ‘நவ்வாரி’ எனப்படும் ஒன்பது கஜம். மடிசார் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், கச்சம் வைத்துப் பின்னால் செருகுகிற கட்டு. வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தோதானது. ஆனால் கெண்டைக்கால் பின்புறம் திறந்திருக்கும், இடுப்பிலும் இடைவெளி விழும். பிலடெல்பியாத் தெருவில் குளிர் நுழைவதற்கும் கண்கள் நுழைவதற்கும் அந்த இரண்டு இடமும் போதும். ஆனந்தி குஜராத்திக் கட்டுக்கு மாறினார். அது கணுக்கால் வரை மறைக்கும். சேலை சேலையாகவே இருந்தது, கட்டு மட்டும் மாறியது. வாக்கு மீறப்பட்டதா? ஒரு வழக்கறிஞர் இருபக்கமும் வாதாடலாம். எனக்கு இதுதான் பழகிக்கொள்வதன் மிகச் சரியான உருவமாகத் தெரிகிறது. ஊரைவிட்டு வெளியேறியவர்கள் முதலில் கைவைப்பது துணியில் இல்லை, மடிப்பில்.

1885 அக்டோபர் 10 தேதியிட்ட ஒரு புகைப்படம் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். சேலையில் ஆனந்தி, கிமோனோவில் ஜப்பானின் கெய் ஒகாமி, சிரியாவின் உடையிலும் தலையணியிலும் சபத் இஸ்லாம்பூலி. மூவரும் அந்தக் கல்லூரியின் மாணவிகள். பெருமைப்பட வேண்டிய படம்தான். ஆனால் அது புகைப்படக் கூடத்தில், வெளிச்சம் பார்த்து, உடை திருத்தி எடுத்த படம். அதில் குளிர் தெரியாது.

ஆனந்திக்கு இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது, மயக்கம் வந்தது. இடையில் தொண்டையடைப்பான் நோய் வேறு தாக்கியது. கடைசியில் காசநோய் என்றார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். காசநோயைக் குளிர் தருவதில்லை, கிருமி தருகிறது. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882இல், ஆனந்தி கப்பல் ஏறுவதற்கு ஒரு வருஷம் முன்புதான். அதைக் கொல்லும் முதல் மருந்துக்கு உலகம் இன்னும் அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. சைவத்தைக் கைவிடாததால்தான் செத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவ்வளவு சுலபமாக ஒரு தட்டின் மேல் பழியைப் போட முடியாது. சைவம் ரோசெல்லில் அவரைக் கெடுக்கவில்லை. தனியறையில், தனக்குத் தெரிந்த காய்கறியோ பருப்போ கிடைக்காத ஊரில், படிப்புக்கும் சமையலுக்கும் நடுவே நேரம் பிரித்துச் சாப்பிட்ட சைவம் வேறு.

நம் ஊர்க் கதை ஒன்று இதன் பக்கத்தில் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனந்தி போய் 31 வருஷம் கழித்து, 1914 மார்ச் 17 அன்று, சென்னையில் கப்பல் ஏறிய கணிதமேதை ராமானுஜன். குடுமியை எடுத்துவிட்டு, பூட்ஸும் கோட்டும் மாட்டிக்கொண்டு போனவர், சாப்பாட்டை மட்டும் விடவில்லை. கேம்பிரிட்ஜில் அறையிலேயே சமைத்தார். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதினார். ஒருமுறை நண்பரையும் அவருக்கு நிச்சயித்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து ரசம் வைத்தார். மூன்றாவது தடவை பரிமாற வந்தபோது விருந்தாளிகள் போதும் என்றார்கள். ராமானுஜன் சத்தமில்லாமல் வெளியே போனார், திரும்பி வரவில்லை. ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தபோதுதான் எங்கே இருக்கிறார் என்றே தெரிந்தது. போதும் என்ற ஒரு சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாம்தான் ஊகிக்க முடியும். சமைத்துப் போடுவது ஒன்றுதான் அந்த ஊரில் அவர் வீட்டுக்காரராக இருக்கிற நேரம்.

அதே கேம்பிரிட்ஜில் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு முக்கியம். அங்கே படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் ஒரு குளிர்நாளில் ராமானுஜன் அறைக்குப் போனார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டோடு, சால்வையும் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி இல்லையா என்று மஹலனோபிஸ் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. ராமானுஜன் இத்தனை நாளும் அந்த விரிப்பின் மேல் படுத்திருக்கிறார். நுனியைப் பிரித்து உள்ளே நுழைய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கணிதமேதைக்கு இது தெரியாதா என்று சிரிக்கலாம். யாருக்குத்தான் தெரியும்? பாயை விரித்து, படுத்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிற ஊரில், படுக்கை என்பது உறைக்குள் கடிதம் நுழைவது மாதிரி என்று யார் கற்றுக்கொடுப்பார்கள்? நான் புனேயில் குடியேறிய முதல் டிசம்பரில் இந்தக் கதை தினமும் நினைவுக்கு வந்தது. மதுரைக்காரனுக்கு பத்து டிகிரி என்பது செய்தித்தாளில் படிக்கிற விஷயம். போர்வைக்கு மேல் போர்வையாக மூன்று வாங்கியும் விடிகாலையில் விறைத்துப்போவேன். கீழ்வீட்டு ஆஜி (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு நாள் விஷயம் கேட்டுவிட்டு, ஒரு ‘கோதடி’யை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட மெத்தைப் போர்வை. ஓரத்தில் யாரோ ஒருத்தியின் கல்யாணச் சேலைச் சரிகை இன்னும் மின்னியது. நான் மேலே போர்த்தப் போனபோது தலையில் அடித்துக்கொண்டு, கீழே போடச் சொன்னார். குளிர் தரையிலிருந்து ஏறுகிறது, மேலே எத்தனை போட்டு என்ன? அன்று தூங்கினேன்.

புனேயில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன இன்னொரு கதையும் இதே ஜாதி. பெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் விடுதிப் பொறுப்பாளராகவும் இருந்த எஸ். பி. முஜும்தார், மாணவர் விடுதி ஜன்னல் வழியாக ஒரு பெண் உள்ளே எதையோ கொடுப்பதைப் பார்த்தார். ஆண்கள் விடுதி. பொறுப்பாளருக்கு என்ன சந்தேகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. விசாரித்தால், அறைக்குள் மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு மாணவன் மஞ்சள் காமாலையில் படுத்துக்கிடந்தான். அவனுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்க யாருமில்லை, அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு மாணவர்கள் இந்த ஊரில் எப்படி இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் முஜும்தார் கவனிக்கத் தொடங்கினார். 1971இல் அவர்களுக்காக அவர் ஆரம்பித்த மையம்தான் சிம்பயோசிஸ். இன்று பல்கலைக்கழகமாக, பெரிய பெரிய கட்டடங்களாக நிற்பதன் வேர் ஒரு ஜன்னலும் ஒரு சாப்பாட்டுப் பாத்திரமும்.

முஜும்தார் கதையில் எனக்குப் பிடித்தது அது காட்டும் திசை. பிலடெல்பியாவில் ஆனந்தி எங்கே நின்றாரோ அங்கே இந்த மொரீஷியஸ் பையன். புனே இப்போது அந்நிய நாடு. வந்து 14 நாளைக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும், பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் கிடைக்க வேண்டும், ‘நான்வெஜ் சமைப்பாயா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளிநாடு போன நம் பிள்ளை அங்கே பட்ட அவமானத்தைக் கண்ணீரோடு சொல்கிற அதே வீட்டு வாசலில், ‘வெளிநாட்டு மாணவர்களுக்கு வீடு இல்லை’ என்று தரகர் சொல்லிவிட்டுப் போவதையும் பார்க்கலாம். ஆனந்தி சொன்ன வாக்கைத் திருப்பிப் போட்டால் இவர்கள் நிலைமை.

இப்போது அறிஞர்கள் பக்கம். இடம்பெயர்ந்தவர் படும் பாட்டுக்கு ‘கலாச்சார அதிர்ச்சி’ என்ற பெயர் பரவக் காரணமானவர் காலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். கனடாவில் பின்லாந்துக்காரர்களின் பிள்ளையாகப் பிறந்தவர். 1954 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை இத்துறையின் மூலப் பிரதிகளில் ஒன்று. ஊரில் நாம் யோசிக்காமலே படித்துக்கொள்கிற நூறு சைகைகள், எப்போது கைகுலுக்குவது, எப்போது காசு கொடுப்பது, எது வேடிக்கைப் பேச்சு, எது நிஜம் என்பதெல்லாம் ஒரே நாளில் பறிபோவதால் வருகிற நோய் என்றார் அவர். அறிகுறிகளையும் அடுக்கினார். ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரைப் பற்றிக் கவலை, வெறித்துப் பார்ப்பது, சின்ன விஷயத்துக்கு எரிந்துவிழுவது. முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் பழக்கம் என்று நாலு கட்டமும் சொன்னார்.

அடுத்த வருஷமே நார்வேயின் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், புல்பிரைட் உதவியில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, மனநிலை முதலில் மேலே, ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் பள்ளம், பிறகு மறுபடி மேடு என்று ஒரு வளைவைக் கண்டார். 1963இல் கல்லஹார்ன் தம்பதி, ஊர் திரும்பிய பிறகும் இன்னொரு பள்ளம் உண்டு என்று அதை இரட்டை வளைவாக்கினார்கள்.

அழகான வளைவு. அதனாலேயே சந்தேகம் வர வேண்டும். காலீன் வார்டும் சகாக்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கியதிலிருந்தே தொடர்ந்து கவனித்து 1998இல் எழுதினார்கள். மனச்சோர்வு உச்சத்தில் இருந்தது வந்த முதல் நாளிலேயே. தேனிலவைக் காணோம். துறைமுகத்தில் ஒரு மாவ்ஷி நிற்காவிட்டால் முதல் நாள் எப்படித் தேனாக இருக்கும்?

இந்த வளைவுகளில் எனக்குள்ள குறை, அவை மனசுக்குள்ளேயே பள்ளம் தோண்டுகின்றன என்பதுதான். ஆனந்தியின் மனசு ரோசெல்லில் ஒன்றும் பிலடெல்பியாவில் வேறொன்றுமாக இருக்கவில்லை. ஜூனிலும் அவரே, நவம்பரிலும் அவரே. மாறியது கணப்பு. ராமானுஜனின் நெருக்கடிக் கட்டம் கம்பளியின் நுனியில் இருந்தது. புதுப் பண்பாட்டோடு இணைவது, கரைவது, ஒதுங்கி இருப்பது, இரண்டுமற்று நிற்பது என்று நாலு வழி வகுத்த ஜான் பெர்ரியும், இணைந்து வாழ்வது வந்தவரின் விருப்பம் மட்டுமல்ல, வாங்கிக்கொள்கிற சமூகம் கதவைத் திறந்தால்தான் முடியும் என்றே எழுதினார். ஆனால் பாடப்புத்தகத்திலும் பயிற்சி வகுப்பிலும் நாலு வழிதான் மிஞ்சியது, கதவு காணாமல் போய்விட்டது. வெளிநாடு கிளம்புகிற பிள்ளைகளுக்கு நம் ஊரில் நடத்துகிற வகுப்புகளில் மனத்தை இப்படி வைத்துக்கொள், அப்படி வைத்துக்கொள் என்று மணிக்கணக்கில் சொல்கிறார்கள். படுக்கையின் நுனியைப் பிரி என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும்.

விலையைக் கூட்டிய இன்னொரு கை கணப்பை விடக் கொடியது. அது ஊரிலிருந்து வந்த கடிதம். கோபால்ராவ் மனைவியைப் படிக்கவைத்தவர், அதில் மாற்றுக்கருத்தில்லை. மனைவி படிக்காமல் அடுக்களையில் இருந்ததற்காக அடித்த கணவர் என்று அவரை அந்தக் காலத்தில் வியப்போடு பேசினார்கள். ஆனந்தி அமெரிக்காவிலிருந்து அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பத்து வயதில் விறகுக்கட்டையால் அடித்ததையும், பன்னிரண்டு வயதில் நாற்காலியையும் புத்தகத்தையும் வீசியதையும், விட்டுவிட்டுப் போய்விடுவதாக மிரட்டியதையும் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார். அவர் நடத்திய விதம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லத் தன்னால் முடியவில்லை என்கிற மாதிரி எழுதுகிறார். ஊரில் இருந்தவரை சொல்ல முடியாததை எழுத அவருக்கு ஒரு சமுத்திரம் நடுவில் தேவைப்பட்டது. கோபால்ராவின் கடிதங்களோ சந்தேகமும் குத்தலுமாக வந்தன. கட்டு மாறிய சேலை அவருக்குச் சேலையாகப் படவில்லை. 1885இல் தானே அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் மேடையேறி அமெரிக்கர்களையும் மிஷனரிகளையும் வறுத்தெடுத்தார். ஆனந்திக்கு உதவியவர்கள் முகம் சுளித்தார்கள். நடுவில் நின்றவர் ஆனந்தி.

ராமானுஜனுக்கு வேறு விதம். மனைவி ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போய்ச்சேர விடவில்லை. ராமானுஜனுக்குக் கடிதம் வராததே நோயாயிற்று. இன்றைக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்துவிட்டது, தூரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஊரின் கண்ணும் கூடவே வந்துவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னணியில் தெரிகிற குளிர்பெட்டியைக் காட்டச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அத்தைகள் எனக்குத் தெரியும்.

அதே 1883ஆம் வருஷம் புனேயிலிருந்து இன்னொரு பெண்ணும் கடல் கடந்தார். பண்டித ரமாபாய், விதவை, கையில் குழந்தை மனோரமா. இங்கிலாந்தில் வான்டேஜ் ஊரின் கன்னிமாடத்தில் தங்கினார். கூடப் போன தோழியின் பெயரும் ஆனந்திபாய், ஆனந்திபாய் பகத். போய்ச் சேர்ந்த சில மாதங்களுக்குள் அந்தப் பெண் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வரவில்லை, அவருக்குப் புகைப்படமும் சுற்றவில்லை. பழகிக்கொள்வது பற்றி நாம் எழுதுகிற எல்லாமே பிழைத்தவர்களோ புகழ்பெற்றவர்களோ விட்டுச்சென்ற காகிதத்தை வைத்துத்தான் என்பதை இந்தப் பெயர் எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துகிறது.

ரமாபாய் அந்த வருஷம் செப்டம்பர் 29 அன்று ஞானஸ்நானம் பெற்றார். ஆனந்தி காத்த வாக்கில் பெரிய பகுதியை ரமாபாய் முதல் வருஷமே கைவிட்டார் என்று சொல்லிவிடலாம். ஆனால் மதம் மாறிய ரமாபாய் முட்டையும் மீனும் தொடவில்லை. கன்னிமாடத்தில் அது சாதித் திமிராகப் பட்டது. அணிந்துகொள்ளச் சிலுவை கொடுத்தபோது, அதில் லத்தீன் வாசகம் எதற்கு, எனக்கும் புரியாது என் ஜனங்களுக்கும் புரியாது, சமஸ்கிருதத்தில் இருக்கட்டும் என்றார். செல்டனம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். ஆண்களுக்கும் பாடம் எடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது இந்தியாவிலிருந்த பிஷப்புகள் தடுத்தார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை அவர் ஊரிடமும் கேட்கவில்லை, கன்னிமாடத்திடமும் கேட்கவில்லை. அவருக்கு இந்தத் துணிவு வந்ததற்குக் காரணம் எளிது என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பெற்றோரோடு ஊர் ஊராகப் புராணம் சொல்லி அலைந்தவர், பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்தவர். விட்டுவிட்டு வந்த வீடு என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை.

1886 மார்ச் 11 அன்று ஆனந்தி பட்டம் வாங்கினார். பழைய இந்திய நூல்கள் பிரசவம் பற்றிச் சொல்வதைத்தான் அவர் ஆய்வேடாக எழுதியிருந்தார். அரங்கில் ரமாபாயும் உட்கார்ந்திருந்தார், அதற்காகவே இங்கிலாந்திலிருந்து வந்தவர். பிறகு அமெரிக்காவில் இரண்டு வருஷத்துக்கு மேல் சுற்றி, அந்நாட்டு மக்கள் வாழ்க்கையைப் பற்றி 1889இல் மராத்தியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வந்தவர் வாங்கிக்கொண்டவர்களைப் பார்த்து எழுதிய புத்தகம். அவர்கள் நம்மை எழுதுவதுதானே வழக்கம். அதே 1889இன் மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் திறந்தார், அடுத்த வருஷம் அது புனேக்கு வந்தது.

ஆனந்தியைக் கோலாப்பூர் சமஸ்தானம் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்கு மருத்துவராக நியமித்திருந்தது. 1886 நவம்பர் 16 அன்று பம்பாயில் இறங்கும்போதே நோய் முற்றியிருந்தது. சாதிவிலக்குச் செய்வார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஊர் அவரைக் கொண்டாடியது. பத்திரிகைகள் புகழ்ந்தன. திலகர், தன் வருமானம் சிறிதென்று சொல்லிக்கொண்டே, 100 ரூபாய் தர முன்வந்து கடிதம் எழுதினார். 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் ஆனந்தி இறந்தார். இருபத்திரண்டு நிறையவில்லை. கோலாப்பூர் வேலையில் அவர் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

ஊர் பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவரை மன்னிப்பது சுலபம். எழுந்து நடந்திருந்தால், குஜராத்திக் கட்டோடு பேட்டைத் தெருக்களில் பிரசவம் பார்க்கப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இதற்கு நேரடிப் பதில் கிடையாது. பக்கத்தில் வருகிற ஒரு சம்பவம் உண்டு. 1890 அக்டோபரில் புனேயின் பஞ்ச ஹௌத் மிஷனில் ஒரு சொற்பொழிவு. முடிந்ததும் வந்தவர்களுக்குத் தேநீர் வந்தது. சீர்திருத்தவாதி ரானடே இருந்தார், திலகர் இருந்தார். சிலர் குடித்தார்கள், சிலர் மரியாதைக்குக் கையில் வாங்கினார்கள். சில நாளில் அவர்கள் பெயர்கள் பத்திரிகையில் வந்துவிட்டன. கிறிஸ்தவர் கையால் தேநீர். ஊர் கொதித்தது, சங்கராச்சாரியார் வரை விவகாரம் போனது, திலகரும் ரானடேயும்கூடப் பிராயச்சித்தம் செய்ய வேண்டியதாயிற்று. கூட்டத்தை ஏற்பாடு செய்து, பெயர்களையும் பத்திரிகைக்குக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, கோபால்ராவ் ஜோஷி. கிண்டலா, பழிவாங்கலா, சீர்திருத்தக்காரர்களின் சாயம் வெளுக்கட்டும் என்ற எண்ணமா, மனைவியை இழந்தவரின் கசப்பா, அந்த மனிதரைப் படிப்பது கஷ்டம். ஆனந்தியைக் கொண்டாடி நாலு வருஷம்கூட ஆகாத ஊர், ஒரு கோப்பைத் தேநீரை விழுங்க முடியாமல் திணறியது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

கோபால்ராவ் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஆனந்தியின் அஸ்தியை அவர் காசிக்கோ நாசிக்குக்கோ கொண்டுபோய்க் கரைக்கவில்லை. தியோடோஷியா கார்ப்பென்டருக்கு அனுப்பினார். நியூயார்க் மாகாணத்தில் பொக்கிப்சி என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில், கார்ப்பென்டர் குடும்பத்துக்கான இடத்தில், மாவ்ஷி அதைப் புதைத்துக் கல் நட்டார். கல்வி கற்க இந்தியாவை விட்டு வந்த முதல் பிராமணப் பெண் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறது. சுற்றிலும் கார்ப்பென்டர்கள்.